மதகடியில் மீதி கேட்டவள்

இரவு ஒன்பதே கால் மணி. நெமலிலங்காக் கால்வாய்க் கரைச் சாலை. மதகின் மேல் ஒரு மொபெட் தடதடவென்று ஏறி இறங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் கரையோரக் குடிசைகளில் விளக்கைச் சிறிதாக்குவார்கள். சூரிபாபு வீடு திரும்புகிறார், இனி விடியும்வரை ஊசி இல்லை என்று பொருள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் கேட்ட சத்தம் அது.

சூரிபாபு என் மனைவிக்குத் தம்பி. எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை ‘பாவா’ என்று அழைப்பார். மருத்துவப் பட்டம் கிடையாது. காக்கிநாடாவில் ஒரு பெரிய மருத்துவரிடம் ஏழாண்டு கம்பவுண்டராக இருந்து கற்றுக்கொண்டு வந்தவர். ஊருக்கு அவர்தான் டாக்டர் பாபு. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்திருந்தார். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தால் கத்தரி தானாக வெளியே வரும். கிர்ரக்... பத்து மாத்திரை அட்டை நாலும் ஆறுமாகப் பிரியும். “ரெண்டு நாள் போடு. கேக்கலேன்னா வா.” யார் வந்தாலும் இதையே சொல்வார். பேராசையால் அல்ல. இறாலை உரித்தும் நாற்று நட்டும் அன்றன்று சாப்பிடுகிற மக்கள் இரண்டு நாள் மருந்துக்கு மேல் கேட்டதுமில்லை, கொடுத்தால் விழுங்கியதுமில்லை.

அவருடைய கதையை நான் சொல்ல நேர்ந்தது போன ஐப்பசிப் புயலின்போது. பாதுகாப்புக் கூடத்து மாடியறையில் இருபது பேர் ஓர் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வெளியே தென்னை மரங்கள் முறிகிற ஓசை.

“மாஸ்டாரு, ஒரு கதை சொல்லுங்க,” என்றான் லோவராஜு. “எறும்பு, பன்னின்னு உங்க பள்ளிக்கூடக் கதை வேணாம். கேட்டா ராத்திரி எழுந்து வெளிய போகப் பயப்படணும். அந்த மாதிரி.”

லோவராஜு இறால் குளத்துக் காவல்காரன். இரவெல்லாம் தனியே குளத்தங்கரையில் நிற்பவன். அவன் மடியில் ஐந்து வயது மகள் சிட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு நாள் காய்ச்சல் விட்டு, அன்று காலைதான் தலைக்கு ஊற்றியிருந்தார்கள். முழுதும் காயாத கூந்தலில் சீயக்காய் மணந்தது.

“உனக்குப் பயமா? உன் மூஞ்சியப் பாத்தா பேயே கும்பிட்டு வழி விட்டுடும்டா,” என்றாள் மீன் விற்கும் நூகாலம்மா.

“அதான் அக்கா, உன் கூடைய நான் தூக்கறதில்ல. நம்ம ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தா பேய் செத்துடும்.”

சிரித்தார்கள். காற்று ஒருமுறை கதவை உலுக்கியது. சிரிப்பு நின்றது. நான் சொல்லத் தொடங்கினேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு. சத்யவேணி என்றொரு பெண். இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. ஒரு நாள் இறாலின் கொம்பு அவள் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. விரல் வீங்கிற்று, காய்ச்சல் வந்தது. சூரிபாபு விரலைக் கழுவிக் கட்டுப் போட்டார். அட்டையை வெட்டினார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அதன்பின் மருந்து தொட மாட்டோம். தலைக்கு ஊற்றிய உடம்புக்குள் மருந்து போனால், விட்டுப்போன காய்ச்சலை அதுவே கூட்டிவரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

மிஞ்சிய மாத்திரை? வீணாக்க மாட்டோம். கூரை ஓட்டுக்கு அடியில், உப்பு ஜாடிக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். அடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் உதவும். இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் எறும்பின் சேமிப்பைப் பற்றி ஒரு கதை சொல்லி, பிள்ளைகள் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கொண்டுவந்து போட ஒரு பிஸ்கட் தகரம் வைத்தேன். ஏழைகளுக்குப் பயன்படட்டும் என்றுதான். தகரம் நிறைந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

சத்யவேணிக்குப் பத்து நாளில் காய்ச்சல் திரும்பிற்று. வேறு நிற மாத்திரை. மீண்டும் இரண்டு நாள். விட்டது. ஊற்றினாள். திரும்பிற்று. மூன்றாம் முறை ஊசி. அதற்கும் அப்படியே. நாலாம் முறை வந்தபோது அவளே கையை நீட்டிக் கேட்டாளாம். “வெட்டாதீங்க டாக்டர் பாபு. மீதியும் குடுங்க.” சூரிபாபு சிரித்திருக்கிறார். “எதுக்கு வீணா உடம்பச் சூடாக்கிக்கற? ரெண்டு நாள் பாரு.” கிர்ரக்...

அந்த இரண்டு நாளில் விரலின் கருப்பு மணிக்கட்டுக்கு ஏறிவிட்டது. காக்கிநாடாப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் இறந்தாள். அவள் கணவன் ஒரு தாளைக் கொண்டுவந்து சூரிபாபுவிடம் காட்டினான். இரத்தத்தைச் சோதித்த தாள். வரிசையாக மருந்துகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆங்கில எழுத்து. சூரிபாபுவுக்கு விளங்கவில்லை. “விதி,” என்று சொல்லித் தாளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

நாற்பது நாள் கழிந்தது.

இரவு ஒன்பதே கால். மதகின் மேல் வண்டி ஏறும்போது விளக்கு மங்கிற்று. வண்டி நின்றுவிட்டது. மதகுப் பலகை இடுக்கில் நீர் கசியும் ஓசை மட்டும்... ஸ்ஸ்ஸ்... அப்போது ஒரு வாடை வந்தது. வேகவைத்த இறால் ஓட்டின் வாடை. அதற்கும் உள்ளே, கூர்மையாக, ஸ்பிரிட் வாடை.

மதகுப் படியில் ஒருத்தி நின்றிருந்தாள். முகம் தெரியவில்லை. நீட்டிய வலக்கை தெரிந்தது. ஆள்காட்டி விரலில் ஒரு கட்டு. அந்த முடிச்சைச் சூரிபாபு அடையாளம் கண்டார். அவர் கையால் போட்ட முடிச்சு.

“மீதியும் குடுங்க, டாக்டர் பாபு.”

பையில் கைவிட்டார். நாலு மாத்திரைத் துண்டு ஒன்று அகப்பட்டது. அவள் உள்ளங்கையில் போட்டார். கை மூடிற்று. அவள் படியிறங்கிக் கால்வாய்க்குள் போனாள். தண்ணீர் சலசலக்கவே இல்லை... வண்டி தானாக உயிர்பெற்றது.

“நாலே நாலா?” என்றாள் நூகாலம்மா. “செத்தவகிட்டயும் ரெண்டு நாள் மருந்தா? அந்தாளு திருந்தவே மாட்டானா?”

அதுதான் நூகாலம்மா, கதையே. பயந்தவன் அந்த இரவைக் கடக்கப் போதுமானதைத்தான் கொடுப்பான். ஒன்பது நாள் அவள் வரவில்லை. பத்தாம் நாள் வந்தாள். நாலு கொடுத்தார், கை மூடவில்லை. ஆறு கொடுத்தார், மூடிற்று. அடுத்த முறை ஆறு போதவில்லை. மாத்திரையின் நிறத்தை மாற்றினார். ஒரு முறை போனாள். மறுமுறை அந்த நிறத்தையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

சூரிபாபு மெலிந்துபோனார். என்னிடம் சொன்னார். நான் பேய் ஓட்டும் பெத்திராஜுவை அழைத்து வந்தேன். அவர் மதகடியைப் பார்த்தார், மண்ணை முகர்ந்தார். “ஒம்பது ராத்திரி,” என்றார். “ஒண்ணு கொறையக் கூடாது. சம்மதம்னா உக்காரறேன்.”

மதகடியில் சுண்ணாம்பால் கட்டம் போட்டார். வேப்பிலைக் கொத்தை நாலு மூலையிலும் நட்டார். இரவுக்கு ஒரு கோழி பலியிட்டு உடுக்கையை அடித்தார். முதல் இரவே கால்வாய்க்குள்ளிருந்து முனகல் கேட்டது. இரண்டாம் இரவு தேய்ந்தது. மூன்றாம் இரவு ஒன்றுமில்லை. காற்றில் வாடைகூட இல்லை.

நாலாம் நாள் காலை ஊரே மகிழ்ந்தது. “போயிட்டாளே, இன்னும் ஆறு ராத்திரி எதுக்கு? ஆறு கோழி கேடா?” என்றார்கள். சூரிபாபுவுக்கும் அசதி. அவருக்குத் தலைக்கு ஊற்றிவிட்டார்கள். தலைக்கு ஊற்றியபின் ஓட்டுவதும் கூடாதே!

பெத்திராஜு உடுக்கையைத் துணியில் சுற்றினார். “நீங்களாச்சும் சொல்லுங்க மாஸ்டாரு. பாதியில விட்டா, அதுக்கு நம்ம வித்தை எல்லாம் தெரிஞ்சுபோவும். அடுத்த தடவை என் உடுக்கைக்கு அது தலையாட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்ன கதை என்னிடம் இருந்ததே!

“வந்துட்டுதுடா பன்னிக் கதை,” என்றான் லோவராஜு. ஆனால் குரலில் பழைய எக்களிப்பு இல்லை.

வந்துவிட்டது, கேள். ஒரு குடியானவன் தகரம் தட்டிக் காட்டுப்பன்றிகளை விரட்டினான். பயந்தவை எல்லாம் முதல் தட்டிலேயே ஆற்றைக் கடந்து ஓடிவிட்டன. பயம் குறைந்த இரண்டு மட்டும் வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தன. வயல் காலியாகத் தெரிந்ததால் குடியானவன் தகரத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போனான். அந்த இரண்டும் வயலுக்குள் திரும்பி வந்தன, குட்டி போட்டன. குட்டிகள் தகர ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தன. வீட்டுப்பாடத்தைப் பாதியில் விடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். எனக்கு நானே ஒருமுறையும் சொல்லிக்கொள்ளவில்லை.

பேயோட்டலை நிறுத்திய இருபதாம் நாள். ஒன்பதே கால். சூரிபாபு மதகடிக்கு வந்தார். அவள் படியில் இல்லை. பெத்திராஜுவின் சுண்ணாம்புக் கட்டத்துக்குள், நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தாள். மூலையில் நட்ட வேப்பிலைக் கொத்தைப் பிடுங்கித் தலையில் பூவாக வைத்திருந்தாள்.

இன்னொன்று. அக்கரைப் பனந்தோப்பில் ஒரு பேய் இருந்தது உங்களுக்குத் தெரியும். மரத்திலிருந்து விழுந்து செத்த கள்ளிறக்குபவன். அப்பாவிப் பேய். வேப்பங்குச்சியைக் காட்டினால் ஓடிவிடும். பள்ளிப் பிள்ளைகளே விரட்டுவார்கள்.

“ஆமா, நானே விரட்டியிருக்கேன்,” என்றான் லோவராஜு.

அன்று அந்தக் கள்ளிறக்குபவன் சத்யவேணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காதில் ஒரு வேப்பிலை. எந்த உடுக்கைக்கும் உட்காராதவன். பேயோட்டியிடம் ஒரு முறையும் அகப்படாதவன். வேப்பிலைக்கு அஞ்சாத வித்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். அந்த வாரம் தோப்பில் வேப்பங்குச்சியைக் காட்டிய ஒரு பையனை, அவன் குச்சியோடு சேர்த்துத் தூக்கிக் குளத்தில் போட்டான். பெத்திராஜு போய் உடுக்கை அடித்தார். பேய் தாளம் போட்டதாம். அன்றே பெத்திராஜு தொழிலை விட்டார்.

அரிக்கேன் திரியை யாரோ தூண்டினார்கள்.

சூரிபாபு வீட்டுக்கு வேறு வழி கிடையாது. எட்டு மணிக்கே கடையை மூடினார். ஒன்பதே கால் வரை வண்டி நகரவில்லை. இப்படியே மாசி வந்தது. அவருடைய ஒரே மகள் ஹேமசுந்தரி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை. நாலாம் நாள் ஹேமாவுக்குக் குளிர் கண்டு காய்ச்சல் ஏறிற்று.

வாழ்நாளில் முதல்முறையாகச் சூரிபாபு ஓர் அட்டையை வெட்டவில்லை. முழு அட்டை. வேளை தவறாமல் தம் கையாலேயே கொடுத்தார். காய்ச்சல் அசையவில்லை. வேறு அட்டை. அசையவில்லை. ஊசி. ஆறாம் நாள் காக்கிநாடாவுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஓர் இளம் மருத்துவர் அம்மா. சின்னப் பெண். மூன்றாம் நாள் கையில் ஒரு தாளோடு வந்தார். “உக்காருங்க ஐயா,” என்றார். உட்காரச் சொல்கிறவர்கள் நல்ல செய்தி சொல்வதில்லை.

“இது உங்க பொண்ணு ரத்தத்துல இருக்கற கிருமி. இது பக்கத்துல எல்லாம் மருந்து. ஆர்னு போட்டிருந்தா அந்த மருந்து இதுக்கிட்ட செல்லாதுன்னு அர்த்தம். பாருங்க... ஆர், ஆர், ஆர். இது இந்த மருந்தையெல்லாம் முன்னாடியே எங்கயோ பாத்துப் பழகியிருக்கு. கடைசியா ஒண்ணு இருக்கு. குடுக்கறோம். கிட்னி தாங்கணும்.”

சூரிபாபு தாளை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தார். எல்லாம் அவர் கத்தரி வெட்டிய பெயர்கள். எழுந்து, பேருந்து ஏறி ஊருக்கு வந்து, மேசை இழுப்பறையில் கிடந்த பழைய தாளை எடுத்துக்கொண்டு திரும்பினார். இரண்டையும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை... ஓர் எழுத்து மாறவில்லை. மேலே எழுதியிருந்த பெயர் மட்டும் வேறு.

“எப்படி பாவா?” என்றார். “அவ செத்து ஏழு மாசம். என் பொண்ணு அவளப் பாத்ததே இல்ல. எப்படி வந்துது? எது வழியா வந்துது?”

அவருடைய இரண்டு கைகளும் தாளின் மேல் இருந்தன. நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு கைகளை மடியில் மறைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஹேமாவுக்கு லேசாக நினைவு வந்தது. “நைனா...” என்றாள். “அந்த அக்கா கதவாண்ட நிக்கறாங்க. விரல்ல கட்டுப் போட்டிருக்கு. மீதி கேக்கறாங்க. குடுத்துடு நைனா. குடுத்துட்டா போயிடறேங்கறாங்க.”

சூரிபாபு கதவைப் பார்த்தார். யாருமில்லை. ஆனால் நானும் முகர்ந்தேன். வேகவைத்த இறால் ஓட்டின் வாடை.

“வா பாவா,” என்றார்.

ஊர் வந்து சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வீடு வீடாகப் போனோம். “எங்கிட்ட வாங்கி மிச்சம் வெச்சதயெல்லாம் குடுத்துடுங்க. எம் பொண்ணு உசுருக்குக் கேக்கறேன்.” யார் மறுப்பார்கள்? ஓட்டுக்கடியிலிருந்தும் ஜாடிக்குப் பின்னாலிருந்தும் பொட்டலங்கள் வந்தன. பழுப்பேறியவை, ஈரத்தில் ஊறியவை, எறும்பு மொய்த்தவை. இருபத்திரண்டு ஆண்டு மீதி. பள்ளியைத் திறந்து அந்தப் பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்தேன். கடையில் இருந்த முழு அட்டைகள், ஊசிமருந்துக் குப்பிகள், ஒன்று விடவில்லை. அரிசிச் சாக்கு ஒன்று நிறைந்தது. ஒருவரால் தூக்க முடியவில்லை. ஒரு முனையை அவர் பிடித்தார். இன்னொரு முனையைப் பிடித்தவன் நான்.

ஒன்பதே கால். மதகு.

இறந்தவர்க்கு உரியதை ஓடும் நீரில் விடுவதுதானே நம் வழக்கம்! சூரிபாபு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பிண்டம் விடுவதுபோல் இரு கையாலும் அள்ளி அள்ளி விட்டார். “சத்யவேணீ... இந்தா மீதி. எல்லாம் இந்தா. ஒண்ணும் வெச்சுக்கல. என் பொண்ண விட்டுடு தாயீ...” வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக நீரில் கரைந்து மதகுக்குக் கீழே ஓடின. குப்பிகளைக் கல்லில் உடைத்துக் கவிழ்த்தார். கடைசியாகக் கத்தரிக்கோலை எறிந்தார்.

அப்போது நானும் பார்த்தேன். அவள் எதிர்ப்படியில் நின்றிருந்தாள். உள்ளங்கை நிறைந்திருந்தது. மெல்ல மூடினாள். பின்னால் கள்ளிறக்குபவன். அவனுக்கும் பின்னால், தண்ணீரில், நான் அறியாத பலர்... எல்லோர் கையும் நீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக நீரோட்டத்தின் திசையில் திரும்பினார்கள். மதகுக்குக் கீழே போனார்கள்.

வாடை நின்றது. காற்று சுத்தமாக வந்தது. சூரிபாபு அந்தக் கால்வாயிலேயே மூன்று முறை முங்கினார்.

கரையேறும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவி. காய்ச்சல் இறங்கிவிட்டது. ஹேமா கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். சூரிபாபு மதகுக் கட்டையில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார்.

மறுநாள் ஹேமா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். “நைனா, இவ மூக்கு உன்ன மாதிரியே சப்ப,” என்று கேலி செய்தாள். அதற்கு மறுநாளும் நன்றாகத்தான் இருந்தாள்.

மூன்றாம் நாள் விடியலில் காய்ச்சல் திரும்பிற்று. மதியம் இறந்தாள்.

சூரிபாபு எல்லாருக்கும் கொடுத்ததைத்தான் சத்யவேணியும் அவருக்குக் கொடுத்தாள். இரண்டு நாள்.

நூகாலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லோவராஜு சிட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

அன்றிலிருந்து மதகில் அவளை யாரும் பார்க்கவில்லை. அங்கே அவளுக்கு வேலையில்லை. மதகுக்குக் கீழே பதினோரு ஊர், எழுபது இறால் குளம், எண்ணற்ற படித்துறை. எல்லாம் அந்த ஒரே தண்ணீர். அந்த ஊர்களில் ஒன்பதே கால் மணிக்குப் படித்துறையில் கால் வைக்க மாட்டார்கள். நீர்மட்டத்தில் கைகள் நீளுமாம். அங்கிருந்து காக்கிநாடாவுக்குப் போகும் நோயாளிகளின் தாளை அந்த இளம் மருத்துவர் அம்மா எனக்குக் காட்டினார். வரிக்கு வரி நான் அறிந்த தாள். ஓர் அரிசிச் சாக்கு இதற்கெல்லாம் காரணமா என்று கேட்டேன். “ஒரு சாக்கா, ஆயிரம் சாக்கா, யாருக்குத் தெரியும் ஐயா?” என்றார். எனக்கு அந்த ஒன்றின் கனம் தெரியும்.

சூரிபாபு கடையைத் திறக்கவில்லை. பேத்தியை வளர்க்கிறார். கீழ்மடை ஊர்களில் எங்கே காய்ச்சல் என்று கேட்டாலும் அதே மொபெட்டில் போய், அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறார். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மருந்தைக் கடைசி மாத்திரைவரை விழுங்க வைத்துவிட்டுத்தான் எழுவார். சிலர் விரட்டுகிறார்கள், சிலர் கல்லெறிகிறார்கள். பலருக்கு இப்போது முழு அட்டையும் பயன்படுவதில்லை. வாசலில் உட்கார்ந்தபடி அதையும் பார்த்துவிட்டு வருகிறார். நான் போகும் இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறேன். போதாது. தெரியும்.

கதை முடிந்தது.

காற்று சற்று ஓய்ந்திருந்தது. வெகுநேரம் ஒருவரும் படுக்கவில்லை. பிறகு லோவராஜு சட்டைப் பையில் கைவிட்டான். ஒரு சிறு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“மாஸ்டாரு... சந்தைக் கடையில வாங்குனது. ரெண்டு நாளைக்கு நாலு. மூணு போட்டுது. காய்ச்சல் விட்டுதுன்னு காலைல ஊத்திட்டோம். இத... கொழுந்தியா பிள்ளைக்கு ஆவும்னு வெச்சிருந்தேன். இப்ப சிட்டிக்கே போட்டுடறேன்.”

“தலைக்கு ஊத்துன பிள்ளைக்கா குடுக்கப் போற?” என்றாள் நூகாலம்மா, பழக்கத்தில். சொன்னவள் தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “குடுடா. குடு. தப்புப் பண்ணிட்டோம், குடுத்துடு. காலைல டவுனுக்கு நானும் வரேன்.”

அவள் மூலையில் இருந்த பீப்பாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். மொண்டவள் டம்ளரை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். “கால்வாய்த் தண்ணிதான்.”

“வேற எங்க அக்கா இருக்கு?” என்றான் லோவராஜு.

மகளை நிமிர்த்தி உட்கார வைத்தான். “மன்னிச்சுக்கடா சிட்டி... கண்ணு, வாயத் தொற.” சிட்டி கண் திறக்காமலே வாயைத் திறந்தாள். மாத்திரையை வைத்தான். தண்ணீரைப் புகட்டினான். விழுங்கினாள். அவன் பெருமூச்சு விட்டு அவள் தலையைத் தடவினான்.

சீயக்காய் மணத்துக்கு ஊடே வேறொரு வாடை வந்தது. நான் நூகாலம்மாவைப் பார்த்தேன். அவள் மீன் கூடை கீழ்த்தளத்தில் இருந்தது.

சிட்டி, கண்ணை மூடியபடியே, வலக்கையை நீட்டினாள். உள்ளங்கை விரிந்தது.

“மீதியும் குடுங்க, டாக்டர் பாபு.”

லோவராஜு பொட்டலத்தைப் பிரித்துக் கவிழ்த்தான். உதறினான். காகிதத்தில் ஒன்றுமில்லை. கை நீண்டபடியே இருந்தது.